பச்சை விளக்கு எரிந்தது, படகு வரவில்லை

இங்கெலாவுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்காக ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் நான் ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன், இதை மட்டும் மாட்டேன். இருபத்திரண்டு வருடம் கடலோர வானொலி நிலையத்தில் உட்கார்ந்து, புயலில் மாட்டிய கப்பல்காரர்களோடு பேசிப் பேசி அவர்களைக் கரை சேர்த்தவள் அவள். அவளுக்குப் படம் போட்டு, "ஆள்காட்டி விரலை இடது பொத்தான் மேல் மெதுவாக வைக்கவும்" என்று எழுதி அனுப்பினார்கள். அவள் அதைச் சமையல் மேசையில் விரித்து அதன்மேல் மீன் செதில் உரித்தாள்.

நான் ஸ்தூரே. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே தீவுகளுக்குப் போய்வரும் படகில் கயிறு வீசுவதும், ஏறுபலகை போடுவதும், சீட்டுக் கொடுப்பதும் என் வேலை. படகை ஓட்டுபவன் எவால்ட். பதினாறு வருடமாக எங்களுக்கு ஒரே படகு, ஒரே காபிக் குடுவை, ஒரே சண்டை. எங்கள் தடத்தில் கடைசிக்கு முந்தின தீவு டிஸ்டெலோ. கோடையில் அங்கே இருநூறு பேர் வந்து வெயில் காய்வார்கள். குளிர்காலத்தில் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஒருத்தி இங்கெலா.

அங்கேயே பிறந்தவள். பத்தொன்பது வயதில் வானொலி நிலையத்துக்குப் போனாள். அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான் வேதம்: எதிர்முனையில் இருப்பவன் நீ சொன்னதைத் திருப்பிச் சொல்லும்வரை நீ எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். இது அவள் எலும்புவரை ஊறிவிட்டது. "நாளைக்குக் காத்து பலமா இருக்கும்" என்று நான் சொன்னால், "நாளைக்குக் காத்து பலம். கேட்டுக்கிட்டேன்" என்பாள். கடையில் உப்பு வாங்கினாலும் இப்படித்தான். ஒரு தடவை கல்யாணமும் செய்துகொண்டாள், ஏழு வருடம் இருந்தது. ஏன் பிரிந்தாய் என்று கேட்டதற்கு, "நல்ல மனுஷன்தான், ஆனா கேட்டா 'ம்'னு கூட சொல்ல மாட்டான்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன காரணம்.

நிலையத்தை இயந்திரங்களிடம் ஒப்படைத்து மூடியபோது அவளுக்கு நாற்பத்தொன்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு தீவுக்குத் திரும்பினாள். கரையில் இருக்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. நூற்றெண்பது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு, இறைச்சி உருண்டை, வியாழக்கிழமையானால் பட்டாணிச் சூப். ஏழரைக்கு அடுப்பு பற்ற வேண்டும். அதற்கு அவள் ஆறு நாற்பது படகைப் பிடிக்க வேண்டும். வேறு படகு கிடையாது. அந்தப் படகு டிஸ்டெலோவில் நின்றால் அவளுக்கு வீடும் உண்டு, வேலையும் உண்டு. நிற்காவிட்டால் இரண்டில் ஒன்றை விட வேண்டியதுதான். இந்தக் கதை முழுக்க இதற்காகத்தான்.

குளிர்காலத்தில் யாராவது கூப்பிட்டால்தான் நாங்கள் ஒரு தீவில் நிற்போம். கூப்பிடுவதற்கு ஒவ்வொரு படகுத்துறையிலும் ஒரு கம்பம், அதில் வெள்ளைத் தட்டு. கயிற்றை இழுத்தால் தட்டு நிமிர்ந்து நிற்கும். இருட்டு நேரமென்றால் அதன்மேல் ஒரு விளக்கைத் தொங்கவிடுவார்கள். தூரத்திலேயே எவால்ட் பார்த்துவிட்டு ஊதுகுழலை ஒரு தடவை சுருக்கமாக அடிப்பான். "பார்த்துட்டேன், வர்றேன்" என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஜனங்கள் பையைத் தோளில் மாட்டுவார்கள். என் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான். ஒருவரும் தவறவிட்டதில்லை.

98ஆம் வருடம் இலையுதிர்காலத்தில் மாவட்டப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு யோசனை வந்தது. யோசனைக்குச் சொந்தக்காரி ஊல்ரிகா. திட்டத் தலைவி. சுத்தமான மேல்கோட்டு, சுத்தமான காலணி. டிஸ்டெலோதான் சோதனைத் தீவு என்றாள். தட்டெல்லாம் பழைய காலம், இனிமேல் இணையத்தில் ஒரு பக்கம் இருக்கும், அதில் ஒரு பொத்தான் இருக்கும், வீட்டிலிருந்தே அழுத்தலாம் என்றாள். ஊதுகுழலும் வேண்டாம், கோடைவாசிகளுக்குத் தூக்கம் கெடுகிறது என்றாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை அன்றைக்கு ஆரம்பித்தது.

அது வேலை செய்ய வேண்டிய விதம் இதுதான். பக்கத்தைத் திறந்தால் அதோடு ஒரு குட்டி நிரல் இறங்கிவந்து பிரவுசருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். பொத்தானை அழுத்தினால் அது தொலைபேசிக் கம்பி வழியாகக் கரையில் இருக்கும் சர்வரைக் கூப்பிடும். சர்வரில் இன்னொரு நிரல் தூங்கிக்கொண்டிருக்கும். கூப்பிட்டதும் அது எழுந்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, எங்கள் படகில் இருக்கும் பேஜரை அடிக்கும். பேஜர் அடித்தால் நாங்கள் நிற்போம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அக்டோபரில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். நிரலை எழுதிய டோர்கெல் வந்திருந்தான், நாற்பது வயது, தாடி, கூச்சக்காரன். அவன் அழுத்தினான், பேஜர் அடித்தது. பச்சை நிறக் கேக் வெட்டினார்கள். மறுநாளே கம்பத்தையும் தட்டையும் பிடுங்கச் சொன்னார்கள். அப்புறம் பக்கத்துக்குக் கொஞ்சம் ஒப்பனை செய்து நவம்பர் முதல் தேதி திறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பேஜர் ஊமை.

இங்கெலா வீட்டில் கணினி இருந்தது, வேலை செய்யும் இடத்தில் தவணையில் கொடுத்தது. தீவில் பாதிப் பேர் அவள் வீட்டுக்கு வந்துதான் அழுத்துவார்கள். அழுத்தியதும் திரையில் ஒரு பச்சை விளக்கு எரியும். "உங்கள் அழைப்பு போய்விட்டது, நன்றி!" என்று எழுத்து வரும். அவர்கள் துறைக்கு வந்து இருட்டில் நிற்பார்கள். நாங்கள் முந்நூறு மீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருப்போம். யாராவது கைவிளக்கை ஆட்டினால் எவால்ட் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டே படகைத் திருப்புவான்.

"ஏன்மா இங்கெலா, அழுத்தறதுக்கு அவ்வளவு சோம்பேறித்தனமா?" என்றான் முதல் வாரம்.

"அஞ்சு அம்பதுக்கு அழுத்தினேன். பச்சை எரிஞ்சுது."

"பேஜர் அடிக்கலையே."

"பேஜர் அடிக்கல. கேட்டுக்கிட்டேன். உன் பேஜர்ல பேட்டரி இருக்கா?"

"ஆபீஸ்லேருந்து திங்கக்கிழமை திங்கக்கிழமை சோதனைக்கு அடிக்கிறாங்க, கணீர்னு அடிக்குது. நீதான் எதையோ தப்பா அமுக்குற."

"இருபத்திரண்டு வருஷம் பொத்தான் அமுக்கித்தான்யா சோறு தின்னேன்."

எவால்ட் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னான். அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்தப் பிரசுரம். எவால்டுக்கும் ஒரு கடிதம் வந்தது: அழைப்பு இல்லாமல் டிஸ்டெலோவில் நிற்பது "பதிவில் இல்லாத நிறுத்தம்", நேரம் வீணாகிறது, இனிமேல் கூடாது. ஆனாலும் கைவிளக்கைக் கண்டால் எவால்ட் திருப்பத்தான் செய்தான். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பேஜர் பொய் சொல்லாது, மனுஷர்கள்தான் மறந்துபோவார்கள் என்று நானும்தான் நினைத்தேன். இத்தனை வருடம் பழகியவளை நம்பாமல் ஒரு கறுப்பு டப்பாவை நம்பினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஜனவரி எட்டாம் தேதி பனிமூட்டம். முன்னால் நீட்டிய கையைப் பார்க்க முடியாது. அன்றைக்குத் துறையில் இங்கெலாவும் வால்ஃப்ரிட்டும் நின்றிருந்தார்கள். வால்ஃப்ரிட்டுக்கு எழுபத்தொன்பது வயது, இரண்டு கண்ணிலும் புரை. ஒன்பது மாதம் வரிசையில் காத்திருந்து அன்றைக்குத்தான் அறுவைக்குத் தேதி. இங்கெலா அழுத்தியிருந்தாள், பச்சை எரிந்திருந்தது. கைவிளக்கை ஆட்டியிருக்கிறாள், கத்தியிருக்கிறாள். நான் தளத்தில்தான் நின்றிருந்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் பாட்டுக்குப் போய்விட்டோம். ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி ஜூனில் கொடுத்தார்கள். கண் தெரியாத மனிதனுக்கு இன்னும் ஐந்து மாதம் இருட்டு.

மறுநாள் இங்கெலா படகில் ஏறினாள், சீட்டை வாங்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தாள். அவள் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுபோல ஜனவரிக் கடைசியில் அலுவலகத்திலிருந்து தீவில் எல்லோருக்கும் கடிதம். நவம்பர் முதல் டிஸ்டெலோவிலிருந்து வந்த அழைப்புகள்: பூஜ்யம். ஆகவே குளிர்காலத்தில் அங்கே படகுக்குத் தேவை இல்லை என்று தெரிகிறது. மார்ச் முதல் தேதியிலிருந்து நிறுத்தம் ரத்து. பிப்ரவரி பதினொன்றாம் தேதி கரையில் தேவாலயக் கூடத்தில் கூட்டம், கருத்துச் சொல்ல விரும்புபவர்கள் வரலாம், காபி உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒன்பது பேரை ஒரு பூஜ்யத்துக்குள் மறைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் தினமும் சீட்டுக் கொடுத்த ஆட்கள் அவர்கள். ஆனால் சீட்டில் துறையின் பெயர் கிடையாது, அதனால் அவர்கள் கிடையாது.

அந்தக் கடிதம் வந்த அன்று சாயங்காலம் இங்கெலா பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கத்துக்கும் அடியில் அதன் எழுத்துகளைப் பார்க்க ஒரு வழி உண்டு, பிரவுசரிலேயே அந்த வரி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தினாள். குப்பையாக நிறைய எழுத்து. அதற்கு நடுவில் ஒரு முகவரி, அதற்குப் பக்கத்தில் தீவின் பெயர். அந்தக் குட்டி நிரல் சர்வரில் யாரைப் போய்க் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்த முகவரி அது. அவள் அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கப் போனாள்.

காலையில் அவள் பொத்தானைத் தொடவில்லை. அந்த முகவரியை மேலே இருக்கும் பட்டியில் தட்டினாள், பின்னால் தீவின் பெயரைச் சேர்த்தாள்.

நாங்கள் அப்போது முந்தின தீவில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். எவால்ட் காபியை வாயில் வைத்திருந்தான். பேஜர் அடித்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை, அதுவும் சோதனை அடிக்கும் திங்கட்கிழமை இல்லை. காபி முழுக்க அவன் சட்டையில்.

"டேய் ஸ்தூரே! டிஸ்டெலோ! டிஸ்டெலோன்னு போட்டிருக்குடா!"

துறையில் இங்கெலா கைவிளக்குக்கூட இல்லாமல் நின்றாள். பலகையைப் போடும் முன்பே கேட்டாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. அஞ்சு அம்பத்திரண்டு."

"அஞ்சு அம்பத்திரண்டு." அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த நோட்டைப் பார்த்தேன். வானொலி நிலையத்துப் பழக்கம். நவம்பரிலிருந்து யார் யார் எப்போது அழுத்தினார்கள் என்று வரி வரியாக எழுதியிருந்தாள். பக்கத்தில் இன்னொரு கட்டம்: பதில். அதில் மேலிருந்து கீழ்வரை "இல்லை, இல்லை, இல்லை". இன்றைக்குத்தான் முதல் "உண்டு".

"சர்வரு எனக்கே பதில் சொல்லுச்சு ஸ்தூரே. வெள்ளைத் திரை, ஒரே ஒரு வரி. 'டிஸ்டெலோ, அழைப்பு பெறப்பட்டது.' அந்த ஆளு அங்க முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். இந்தப் பொத்தான்தான் அவனைக் கூப்பிடவே இல்ல."

பள்ளிக்கூடத்திலிருந்து ஊல்ரிகாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தாளாம். ஊல்ரிகா, "நீ பக்கத்துக்குப் பின்னால போய் எங்க சர்வரைத் தொட்டிருக்க. அது அத்துமீறல்னு உனக்குத் தெரியுமா?" என்றிருக்கிறாள்.

"வாசல்ல மணி அடிக்கல, கதவைத் தட்டினேன். இதுல அத்துமீறல் எங்க?"

"கூட்டத்துல பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

கூட்டத்துக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். வால்ஃப்ரிட்டை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். மற்ற தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், அடுத்த குளிர்காலம் அவர்களுக்கும் இதே பொத்தான்தான் என்று ஏற்பாடு. அதைக் காட்டுவதற்காக ஊல்ரிகா கணினி, மோடம் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். டோர்கெல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். சுவரில் பெரிதாக ஒரு எண்ணைக் காட்டினாள் ஊல்ரிகா. பூஜ்யம்.

"உணர்ச்சிவசப்படாம எண்களைப் பார்ப்போம்" என்றாள். "மூணு மாசத்துல ஒரு அழைப்பு கூட இல்ல. அதுக்கப்புறம் ஒண்ணு வந்துது, அது முறையா வந்தது இல்ல. இன்னொண்ணு. டிசம்பர்லேருந்து கருத்துப் பக்கம் ஒண்ணு திறந்து வச்சிருக்கோம். அதுல ஒரு புகார் கூட வரல. ஒண்ணே ஒண்ணு கூட. அதனால எங்களுக்கு இந்தக் கோபம் எங்கேருந்து வருதுன்னு நிஜமாவே புரியல."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்துவிட்டேன். எவால்ட் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான். இங்கெலா மெதுவாக முன்னால் நடந்து போனாள்.

"ஊல்ரிகா, நீயே அழுத்து. டிஸ்டெலோவுக்குப் படகைக் கூப்பிடு."

இங்கே நாங்கள் யாரையும் "நீங்க" போட்டுப் பேசுவதில்லை, மந்திரி வந்தாலும் "நீ"தான். ஆனால் அன்றைக்கு அந்த "நீ" கொஞ்சம் வேறு மாதிரி விழுந்தது.

எவால்ட் பேஜரைக் கொண்டுபோய்க் காபிக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தான். ஊல்ரிகா அழுத்தினாள். சுவர் முழுக்கப் பச்சை விளக்கு. "உங்கள் அழைப்பு போய்விட்டது, நன்றி!"

எல்லோரும் பேஜரைப் பார்த்தோம்.

"மோடம் கொஞ்சம் மெதுவா இருக்கும்" என்றாள் ஊல்ரிகா.

"இருக்கட்டும். காபி குடிப்போம்" என்றாள் இங்கெலா.

குடித்தோம். இலவங்கப்பட்டை ரொட்டியும் தின்றோம். ஊல்ரிகா இன்னும் இரண்டு தடவை அழுத்தினாள். பச்சை, பச்சை. பேஜர் செத்த எலிபோலக் கிடந்தது. பின்னாலிருந்து யாரோ, "ஆள்காட்டி விரலை மெதுவா வைம்மா! பிரசுரத்துல படம் போட்டிருக்கு!" என்று கத்தினார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை இங்கெலா காத்திருந்தாள். அப்புறம் குனிந்து முகவரிப் பட்டியில் அந்த வரியைத் தட்டினாள். வெள்ளைத் திரை, ஒரே வரி. பேஜர் கோப்பைகளெல்லாம் அதிர அடித்தது.

டோர்கெல் எழுந்து வந்தான். திரையைப் பார்த்தான். தாடிக்கு மேலே முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"பதிலைப் படிக்கிற வரி" என்றான். "நான் அதை எடுத்துட்டேன்."

"எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லு" என்றாள் இங்கெலா.

"வெள்ளோட்டத்துல சர்வர் சொல்ற பதிலை நிரல் வாங்கித் திரையில காட்டும். அப்ப வேலை செஞ்சுது. அப்புறம், பதில் வர அஞ்சாறு நொடி ஆகுது, ஜனங்க குழம்புவாங்க, பதிலெல்லாம் வேண்டாம், அழுத்தினதும் பச்சை எரிஞ்சா போதும்னு சொன்னாங்க. நானும் எடுத்துட்டேன். இது எப்படின்னா, கடுதாசி எழுதி, உறையில போட்டு, ஒட்டி, கையிலயே வச்சிருக்கிற மாதிரி. பதில் எங்கன்னு நிரல் கேக்கும்போதுதான் பிரவுசர் கடுதாசியைப் பெட்டியில போடும். கேக்கலைன்னா போடவே போடாது. எனக்கு... எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"யாரு வேண்டாம்னு சொன்னது?"

ஊல்ரிகா, "நான் பதிலைக் காட்ட வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றாள். "இவங்களுக்கு அந்தப் பதில் எதுக்கு?"

இந்தக் கேள்வியை அவள் நிஜமாகவே கேட்டாள். கிண்டல் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. தட்டையும் பிடுங்கி, ஊதுகுழலையும் நிறுத்தி, பதிலையும் வெட்டிவிட்டு, எதற்குப் பதில் என்று கேட்கிறாள். அந்த அலுவலகத்தில் இத்தனை மேசை, இத்தனை பட்டம், இதைக் கேட்க ஒரு நாதி இல்லை!

இங்கெலா கத்தவில்லை. நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். "அறுபத்தி மூணு தடவை கூப்பிட்டிருக்கோம்" என்றாள். அப்புறம் டோர்கெல் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கருத்துப் பக்கம். புகார் எழுதுற பக்கம். அதைச் செஞ்சது யாரு?"

டோர்கெல் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினான்.

"அதுலயும் எழுதி அழுத்தினா பச்சை எரியுது. அதே பச்சையா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

வால்ஃப்ரிட் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் மேடை இருக்கும் திசைக்குச் சும்மா முகத்தைத் திருப்பிச் சொன்னார்: "அப்ப நான் கண்ணைப் பத்தி எழுதச் சொன்னது? இங்கெலா தட்டினாளே, ஒரு பக்கத்துக்கு. அதைப் படிச்சிட்டும் யாரும் ஒண்ணும் சொல்லலையேன்னு நெனச்சேன். யாரும் படிக்கவே இல்லையா?"

அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் ஊல்ரிகா பேசியது யார் காதிலும் விழவில்லை. நான் என்னென்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. தேவாலயக் கூடத்தில் சொல்லக்கூடாததைச் சொன்னேன் என்று எவால்ட் சொல்கிறான்.

நிறுத்தம் தப்பித்தது. மார்ச் முதல் தேதி நாங்கள் டிஸ்டெலோவில் நின்றோம், இன்றுவரை நிற்கிறோம். டோர்கெல் அந்த ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தான், காசு கேட்கவில்லை, தானே தீவுக்கு வந்து இங்கெலாவின் சமையலறையில் உட்கார்ந்து சோதித்துவிட்டுப் போனான். இப்போது அழுத்தினால் ஐந்தாறு நொடி ஒன்றும் நடக்காது, அப்புறம்தான் பச்சை எரியும். அந்த ஐந்தாறு நொடியில் யாரும் குழம்பிச் சாகவில்லை. பிடுங்கிய கம்பத்தை எவால்ட் எறியாமல் படகின் அடித்தளத்தில் போட்டுவைத்திருந்தான். யாரையும் கேட்காமல் அதைத் திரும்ப நட்டோம். முதல் நாள் வெள்ளைத் தட்டு நிமிர்ந்ததைப் பார்த்ததும் அவன் ஊதுகுழலை என்னிடம் விட்டான். சுருக்கமாக அடிக்க வேண்டியதை நான் நிறுத்தாமல் அடித்தேன். துறையில் இங்கெலா கையைத் தூக்கினாள்.

ஆனால் மார்ச் கடைசியில் அவளுக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மன்னிப்பு என்று நினைத்துதான் பிரித்தாள். சர்வரை முறையற்ற வழியில் அணுகியதற்கு எச்சரிக்கை, படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பவும் என்று இருந்தது. நவம்பர் முதல் ஜனவரி வரை டிஸ்டெலோவின் அழைப்புகள் பூஜ்யம் என்பதும் அறிக்கையில் அப்படியேதான் இருக்கிறது, அறிக்கையை மூடிவிட்டார்களாம்.

நானாக இருந்தால் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். அவள் உட்கார்ந்து, அவர்கள் எழுதிய கடிதத்தை ஒரு சொல் விடாமல் தன் கையெழுத்தில் முழுக்க எழுதினாள். "நீங்கள் சொன்னது இது, கேட்டுக்கொண்டேன்" என்று கீழே போட்டாள். அதற்கும் கீழே: "நான் சொல்வது: அறுபத்து மூன்று தடவை கூப்பிட்டோம். கேட்டீர்கள் என்றால் திருப்பிச் சொல்லவும்."

ஏப்ரல் முதல் தேதி அனுப்பினாள். பதில் இல்லை. மே முதல் தேதி அதையே இன்னொரு தடவை எழுதி அனுப்பினாள், அப்புறம் ஒவ்வொரு மாதமும். வால்ஃப்ரிட்டுக்கு ஜூனில் கண் வந்துவிட்டது, ஜூலைக் கடிதத்தில் அவரும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

"எதுக்கு இங்கெலா, செவிடன் காதுல சங்கு ஊதிக்கிட்டு?" என்று நேற்றுப் படகில் கேட்டேன்.

"பதில் வரலைன்னா நான் இன்னும் சொல்லவே இல்லைன்னு அர்த்தம்" என்றாள்.

தபாலையும் எங்கள் படகுதான் கரைக்குக் கொண்டுபோகிறது. அக்டோபர்க் கடிதத்தை என் கையில் கொடுத்தாள். ஏழாவது.